கடைக்குள் ஒரு வீடு

பழைய வணிகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அனுமதி, கடன், வரி என்று இதில் பேச நிறைய உண்டு. நான் கட்டடக்காரன், எனக்குப் பிடித்தது வெளிச்சம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்றொரு நகரம். அங்கே 1828இல் கட்டிய 'ஆர்க்கேட்' என்ற அங்காடி இன்றும் நிற்கிறது. முகப்பில் பெரிய பெரிய கருங்கல் தூண்கள். உள்ளே மூன்று தளம், நடுவே நீண்ட நடை, மேலே கண்ணாடிக் கூரை. தரைத்தளக் கடைக்கு ஆள் வருவார்கள். படியேறி மேலே யார் போவார்கள்? 2008இல் மூடிவிட்டார்கள். 2013இல் மறுபடி திறந்தபோது கீழே கடைகள் இருந்தன, மேல்தளங்கள் இரண்டிலும் 48 குட்டி வீடுகள் இருந்தன. பெரும்பாலானவை 225 முதல் 450 சதுர அடிக்குள். சமையலறையில் அடுப்பு கிடையாது, மைக்ரோவேவ் மட்டும்தான். தோசைக்கு எங்கே போவது என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது!

ஆனாலும் அது வீடாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. 1828இல் மின்விளக்கு ஏது? துணியின் நிறம் பார்க்கக்கூடச் சூரியன்தான் வரவேண்டும். அதனால் எல்லாக் கடைக்கும் வெளிச்சம் விழும்படியே கட்டினார்கள். பின்னால் டியூப்லைட்டும் ஏ.சி.யும் வந்தன. கட்டடங்கள் பருத்துவிட்டன, ஜன்னலுக்கு வெகுதூரம் தள்ளி மேசை போட்டார்கள். நியூயார்க்கில் 25, வாட்டர் ஸ்ட்ரீட் என்ற அலுவலகக் கட்டடம் 1969இல் வந்தது. சுவரில் ஜன்னல் என்ற பெயரில் ஒடுக்கமான கீறல்கள். அதை 1,300க்கும் மேற்பட்ட வீடுகளாக மாற்ற என்ன செய்தார்கள் தெரியுமா? உச்சியிலிருந்து நடுவே இரண்டு இடத்தில் குடைந்தார்கள். அப்படி இழந்த இடத்துக்கு ஈடாக மேலே பத்து மாடி ஏற்றினார்கள். நம் பழைய வீடுகளில் முற்றத்தை விட்டுவிட்டுக் கட்டினோம். அங்கே கட்டி அரை நூற்றாண்டு கழித்து முற்றத்தை வெட்டியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வேலை உண்டு. ஒரு சிற்றூரில் மூடிக்கிடந்த ஜவுளிக்கடையை வீடுகளாக்கக் கூப்பிட்டார்கள். நடுப்பகலில் போய் முதல் வேலையாக மெயினை அணைக்கச் சொன்னேன். கையில் செய்தித்தாளோடு ஜன்னலிலிருந்து உள்ளே நடந்தேன். எழுத்து தெரியாமல் போன இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பகல்வெளிச்சம் உருப்படியாக எட்டும். கோட்டுக்கு அப்பால் குளியலறை வரலாம், சாமான் அறை வரலாம். படுக்கையறை கூடாது.

"லைட்டைப் போட்டா போச்சு, சார்!" என்றார் உரிமையாளர்.

"கடைக்கு வர்றவங்க அரை மணியில கிளம்பிடுவாங்க, அண்ணாச்சி. குடியிருக்கிறவங்க எங்க போவாங்க?" என்றேன்.

அரைமனதாகத்தான் சம்மதித்தார். நான்கு தூண்களுக்கு நடுவில், உத்தரங்களைத் தொடாமல், தளத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை அறுத்தெடுத்தோம். மூட்டைகள் அடுக்கியிருந்த இருட்டில் இப்போது துளசிமாடம் இருக்கிறது.

பாரம் தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். அது பெரும்பாலும் சிக்கலில்லை. கடைத்தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ, வீட்டுக்கு 200 கிலோ என்றுதான் கணக்குப் போடுகிறோம். ஆனால் கம்பி துருப்பிடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உண்மையான தலைவலி கழிவுநீர்க் குழாய். கடையில் பின்மூலையில் ஒரே கழிப்பறை. வீடு என்றால் ஆளுக்கொன்று கேட்பார்கள். குழாய்க்குச் சரிவு கொடுக்கத் தரையை உயர்த்தினால் வாசலில் ஒரு படி முளைக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது தடுக்கிவிடும். அதனால் கழிப்பறைகளை மாடிக்கு மாடி ஒன்றின்மேல் ஒன்றாக, பழைய குழாயை ஒட்டியே வையுங்கள்.

நேரம் நெருங்குகிறது. அனுமதி பற்றி ஒரே வார்த்தை: கடையை வீடாக்கவும் உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல் வேண்டும்; தீ விபத்தில் இறங்கி ஓட வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். உங்கள் ஊர்க் கடைவீதியில் பூட்டிக்கிடக்கும் கட்டடம் உங்களுடையதானால், இடிக்க ஆள் பேசுமுன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு, பகலில் விளக்கை அணைத்துவிட்டு அவரோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள்.