மீனைச் சுமந்த இளைஞர்

(புள்ளலூரில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஹலாலான உழைப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் நம்மைப் பணித்தனர். வணிகத்தைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசிவிட்டோம். இன்று, நம் ஊருக்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டோம். கடலோர ஆய்வு நிலையங்களில் படகையும் தொட்டியையும் வலையையும் பார்த்துக்கொள்ளும் உதவியாளரின் பணியே அது.

நம்முடையது ஏரியையும் நெல்லையும் நம்பிய ஊர். 1780 ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை முறியடித்த களம் என்று வரலாற்று நூல்களில் புள்ளலூரின் பெயர் உண்டு. ஆனால் கடலோடு நமக்கு உறவு குறைவு. கோவளம் தர்காவுக்குச் சென்றபோது கரையில் நின்று அலையைப் பார்த்திருப்போம், அவ்வளவுதான்.

அந்தக் கோவளத்தை அடுத்தே முட்டுக்காடு இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. அங்குள்ள கழிமுகத்தை மழைக்காலத்து வெள்ளம் திறந்துவிடும். கோடையில் மணல் திட்டு அடைத்துவிடும். 1987 இல் தொடங்கப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அங்கே செயல்படுகிறது. கொடுவா மீனை வளர்ப்புத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைக்கும் முயற்சி, நம் நாட்டில் முதன்முதலாக 1997 இல் அந்நிறுவனத்தாரால் வெற்றி பெற்றது. தெற்கே மண்டபத்தில், 1947 இல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் உள்ளது. கடல் விரால் மீனின் குஞ்சுகளை 2010 இல் அங்கே உருவாக்கினர்.

இச்சாதனைகளை எழுதும்போது அறிஞர்களின் பெயர்களை எழுதுவர், அது முறைதான். ஆயினும் அந்த மீனுக்கு நள்ளிரவில் காற்றுக் குழாய் அடைபடாமல் பார்த்தவர் யார்? தொட்டியின் அடியில் படிந்த கழிவை நாள்தோறும் உறிஞ்சி வெளியேற்றியவர் யார்? கொடுவாக் குஞ்சுகளில் பெரியது சிறியதை விழுங்கிவிடும். ஆகவே சில நாள்களுக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விட வேண்டும். அவ்வாறு பிரித்த கைகள் எவருடையவை? உதவியாளர்களுடையவை.

இவர்கள் படகை இறக்குவர், கயிறு கட்டுவர், கிழிந்த வலையை முடைவர். நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும், அதில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் குறித்த நேரங்களில் அளந்து பதிவேட்டில் எழுதுவர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். பெருமழை பெய்தால் கழிமுகத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த மாற்றத்தை முதலில் அறிபவர் கரையில் நிற்கும் உதவியாளரே.

அன்பர்களே! சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி இளைஞர் ஒருவர் இத்தகைய நிலையம் ஒன்றில் ஒப்பந்தப் பணியாளராகச் சேர்ந்தார். அவருடைய பெயரையும் நிலையத்தின் பெயரையும் நாம் சொல்லப் போவதில்லை. அவரிடம் இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம். அவருடைய தந்தையார் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், படிக்க வைத்த பிள்ளை மீன் தொட்டி கழுவுகிறான். நீங்கள் சொன்னால் கேட்பான், வேலையை விடச் சொல்லுங்கள்" என்றார். உண்மையைச் சொல்வதானால், நாமும் அப்போது அவ்வாறே எண்ணினோம். வேறு வேலை பார்க்கலாமே என்று அவரிடம் சொல்லியும் பார்த்தோம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்; வேலையை விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் தனியே வந்து அமர்ந்தார். முகம் வாடியிருந்தது. இரவுப் பணியில் இருந்த அவர் இஷாவுக்குப் பின் அசதியால் உறங்கிவிட்டார். பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எடுக்க வேண்டிய அளவுகளை எடுக்கவில்லை. ஃபஜ்ருக்கு விழித்ததும், முந்தைய அளவுகளைப் பார்த்து ஏறத்தாழ அதேபோல் இரண்டு வரிகளை எழுதிவிட்டு, காலைப் பணியாளரிடம் பொறுப்பை ஒப்படைத்துச் சென்றார். அந்த இரவிலேயே ஒரு தொட்டிக்குக் காற்று செல்வது நின்றிருந்தது. விடிந்து பார்த்தபோது குஞ்சுகள் செத்து மிதந்தன.

அதிகாரிகள் பதிவேட்டைப் பார்த்தனர். மூன்று மணிக்கு ஆக்சிஜன் சரியாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. எனவே கோளாறு விடியற்காலையில்தான் நேர்ந்தது, காலையில் வந்தவரே கவனிக்கவில்லை என்று முடிவு செய்தனர். காலையில் வந்தவர் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்த மீனவர், பிள்ளைகுட்டிக்காரர். அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டனர்.

"ஒரு எண்தானே ஹஜ்ரத் எழுதினேன்" என்றார் அந்த இளைஞர்.

நமக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. அப்போது அல்லாஹ் நம் நினைவுக்குக் கொண்டுவந்தது ஸூரத்துல் கஹ்ஃபின் வரலாறு. வெள்ளிதோறும் ஓதும் ஸூராதான்; அன்று ஓதியதும்தான்.

மூஸா (அலை) அவர்கள் அறிவைத் தேடி, இரு கடல்கள் சந்திக்கும் இடத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். உடன் ஓர் இளைஞர் பணியாளராகச் சென்றார். அவர் யூஷஃ பின் நூன் (அலை) என்பது விரிவுரையாளர்களின் கூற்று. அவர் மீனைச் சுமந்து சென்றார். ஒரு பாறையருகே இளைப்பாறியபோது அந்த மீன் நழுவிக் கடலுக்குள் சென்றது. அதைச் சொல்ல அவர் மறந்துவிட்டார். இருவரும் நெடுந்தொலைவு நடந்து களைத்தனர். மூஸா (அலை) அவர்கள் உணவு கேட்டபோது அந்த இளைஞர் மழுப்பவில்லை. பாறையருகே நடந்ததை இன்னபடி என்று சொல்லி, தாம் மறந்துவிட்டதையும் ஒப்புக்கொண்டார். மூஸா (அலை) அவர்கள் அவரைக் கடிந்துகொண்டதாகத் திருமறை கூறவில்லை. அந்த இடத்தையே நாம் தேடினோம் என்ற கருத்தில் பேசினார்கள். இருவரும் வந்த வழியே திரும்பினர். களிறு (அலை) அவர்களைக் கண்டனர்.

ஜமாஅத்தார்களே, சற்றுச் சிந்தியுங்கள். அந்த இளைஞர் மீன் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், அல்லது வேறு எங்கோ தொலைந்தது என்று ஓர் இடத்தைக் கற்பித்திருந்தால், திரும்ப வேண்டிய இடம் தெரிந்திருக்குமா? மறதி மனித இயல்பு. உண்மை சொல்லப்பட்டதால் அந்த மறதியே வழிகாட்டியாயிற்று. பொய்யான எண்ணோ, அறிவைத் தேடி வருபவரை வேறு திசையில் அனுப்பிவிடும்.

இதைச் சொல்லி, "உறங்கியது அசதி, எழுதியது அமானித மோசடி. பிறர் பசியில் உங்கள் மானம் காக்கப்பட வேண்டாம். தவ்பா செய்யுங்கள். ஆனால் இது அடியானின் உரிமை, அவருக்கு உரியது திரும்பக் கிடைக்காமல் தவ்பா முழுமை பெறாது" என்றோம்.

மறுநாளே அவர் சென்று உண்மையைச் சொன்னார். பத்து நாள் ஊதியம் பிடிக்கப்பட்டது. மீனவர் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டார். அதிகாரி இவரிடம், "நீ சொல்லாவிட்டால் தீவனத்தில் குறையா, நோயா என்று மாதக்கணக்கில் தேடியிருப்போம்" என்றாராம். அந்த மீனவரோ ஒரு வாரம் இவரோடு பேசவில்லை. பின்னர் அவரே, நீச்சல் அறியாத இவருக்குக் கழிமுகத்தில் நீச்சல் கற்றுக்கொடுத்தார். படகுக்குக் கயிறு கட்டவும் பழக்கினார். அந்த வேலையை இழிவாக எண்ணிய நாம்தான் வெட்கப்பட வேண்டியவராயினோம். அதே ஸூராவில், கடலில் உழைத்துவந்த ஏழைகளின் படகை அநியாய அரசனிடமிருந்து அல்லாஹ் காத்த செய்தியும் இருக்கிறதல்லவா? கடலில் பாடுபடுவோரின் பிழைப்பு அவனிடம் அவ்வளவு மதிப்புடையது.

இத்தொழில் பற்றி நம்மிடம் கேட்கப்படும் சில ஐயங்களையும் சுருக்கமாகத் தெளிவாக்குகிறோம். கடல்நீரில் உளூச் செய்யலாம். அது தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கியுள்ளார்கள். நண்டு உண்பது பற்றி ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஆகாது. அவரவர் தத்தம் மத்ஹபைப் பேணிக்கொள்க. இரவுப் பணியில் இருப்பவர், ஒருவரிடம் பொறுப்பைச் சொல்லிவிட்டுத் தொழச் செல்லட்டும். சொல்லாமல் இடத்தை விட்டு அகல வேண்டாம்.

நிறைவாக, ஜமாஅத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். கை அழுக்காகும் வேலை என்று எந்த ஹலாலான பணியையும் பிள்ளைகள் முன் இழித்துப் பேசாதீர்கள். ஏரிக்கரையில் வாழும் நம் சிறுவர்களுக்குப் பெரியவர்கள் துணையோடு நீச்சல் கற்றுக்கொடுங்கள். படகில் ஏறும் வேலைக்குச் செல்பவர் உயிர்காப்பு உடையின்றி ஏறலாகாது என்று சொல்லி அனுப்புங்கள். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் செய்ததை நாம் மறக்கவில்லை. மூன்றாவது, நம் ஜமாஅத்தின் கணக்குப் புத்தகம் முதற்கொண்டு எந்த ஏட்டிலும், காணாததைக் கண்டதாக எழுதாதீர்கள். எழுதாமல் விட்ட கட்டம் ஒரு குறை. பொய்யால் நிரப்பிய கட்டம் ஒரு பாவம்.

வல்ல இறைவன் நம் உழைப்பில் பரக்கத்தையும், நாவிலும் எழுத்திலும் உண்மையையும் தந்தருள்வானாக! கடலிலும் கரையிலும் பாடுபடும் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.