துவைத்த தண்ணீரும் நாஞ்சில் நாட்டுக் குளங்களும்



துணி துவைப்பதற்கு ஒரு கருத்தரங்கா என்று சிலர் கேட்டார்கள். கவிமணி பிறந்த தேரூரின் குளக்கரையில் சற்று நேரம் நின்றவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். சுசீந்திரம், தேரூர் ஈரநிலங்கள் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. உலகமே மதிக்கும் நீர்நிலைகளுக்கு அக்கம்பக்கத்தில்தான் நாம் தினமும் அழுக்குத்தண்ணீரைக் கொட்டுகிறோம்.

பழையாற்றிலும் கால்வாய்ப் படித்துறைகளிலும் பெண்கள் இன்றும் துணி அலக்குகிறார்கள். குளம் கெட்டதென்றால் முதல் பழி அவர்கள்மேல்தான் விழுகிறது. அதை நான் ஏற்கவில்லை. ஒரு சோப்புக்கட்டியைத் தேயும்வரை வைத்திருந்து துவைப்பவர்கள் அவர்கள். வாஷிங் மெஷினில் கைபோன போக்கில் பவுடரைக் கொட்டும் வீட்டின் தண்ணீரோ குழாய்வழியே யார் கண்ணிலும் படாமல் ஓடைக்குப் போகிறது. பவுடரில் பாஸ்பேட் இருந்தால் அது நீரில் உரமாகிறது. பாசியும் ஆகாயத்தாமரையும் அதைத் தின்று கொழுக்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகிறது.

ஜூனில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் திறந்து கால்வாய் நிறைந்து ஓடும்போது இந்தக் கேடு தெரிவதில்லை. பிப்ரவரிக் கடைசியில் அடைத்துவிட்டால், பங்குனி சித்திரையில் ஊர்ப்பக்கக் கால்வாய்களில் தேங்கிக் கிடப்பது பெரும்பாலும் நம் வீட்டுத் தண்ணீர்தான். ஆய்வாளர்கள் அளக்கவேண்டிய மாதங்கள் அவை.

பழைய முறைக்கே திரும்பலாம் என்பாரும் உண்டு. உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்து வெளுத்த முறை குளத்துக்கு இந்தக் கேட்டைச் செய்யவில்லை, உண்மை. ஆனால் ஊரார் அழுக்கையெல்லாம் ஒரு சாதியின் முதுகில் ஏற்றிவிட்டு, களத்தில் கூலியாக நெல் அளந்து கணக்கு முடித்த ஏற்பாடு அது. அது திரும்பவே வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது. ஜப்பானின் பீவா ஏரியைப் பாருங்கள். 1977இல் அங்கே செந்நிறப் பாசி பரவியது. கரையோரத்து இல்லத்தரசிகள் பாஸ்பேட் பவுடரை ஒதுக்கி, சாதாரண சோப்புத்தூளுக்கு மாறும் இயக்கத்தை வளர்த்தார்கள். ஏரி அமைந்த ஷிகா மாகாணம் 1979இல் சட்டம் இயற்றி, பாஸ்பேட் கலந்த வீட்டுச் சலவைத்தூளின் விற்பனையையே தடுத்தது. 1980 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது.

தண்ணீரைப் போலவே மின்சாரத்தையும் யோசிக்கவேண்டும். ஐரோப்பிய வீடுகளில் துணி துவைக்க ஆகும் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரைச் சூடாக்கவே செலவாகிறது. அமெரிக்காவில் கொடி கட்டித் துணி காயப்போடவே தடை விதித்த குடியிருப்புகள் உண்டு. நமக்குப் பச்சைத்தண்ணீரும் வெயிலும் போதும். இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டம்தான், என்றாலும் மொட்டைமாடிக் கொடியை நாம் விடக்கூடாது.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கால்வாய் அடைப்பதற்கு முன்னும் பின்னும் நீரைச் சோதித்துப் பாருங்கள். படித்துறைப் பெண்களையும் சலவைத் தொழிலாளரையும் அடுத்த அமர்வுக்கு அழைத்துப் பேசச்சொல்லிக் கேளுங்கள். பாஸ்பேட் இல்லாத சலவைத்தூளை இம்மாவட்டத்திலிருந்தே அரசிடம் கேட்கும் தீர்மானம் ஒன்று இன்று மாலைக்குள் நிறைவேறவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.