நிறம் மாறாத நீர்



இரசாயனப் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த ஆசிரியன் ஒருவன், அப்பாடத்தின் முதற்படியையே ஒருநாள் மறந்தான். அதனால் அவன் இழந்தது விலை கொடுத்து மீட்கக் கூடியதன்று. அந்த ஆசிரியன் நானே. உங்களுக்குப் பயன்படும் என்பதால் அந்நிகழ்ச்சியை இன்று சொல்ல முன்வந்தேன்.

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் என் ஊர். வீட்டின் பின்கட்டிலுள்ள சாமான் அறையே என் இருட்டறை. சாளரத்தில் கறுப்புத் துணி, கதவிடுக்கில் பழங்கம்பளி, மூலையில் ஒரு மண்பானை. கறுப்பு வெள்ளைப் படச் சுருளைக் கழுவும் பழக்கம் கல்லூரி நாளில் எனக்கு ஏற்பட்டது. அந்நாளில் நாங்கள் வாங்கியது ‘இந்து’ என்னும் பெயருடைய பிலிம். உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் அது உருவாயிற்று. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆயினும் பிலிமும் அதைக் கழுவும் மருந்தும் அயல்நாடுகளிலிருந்து வருகின்றன. என் பழக்கமும் நிற்கவில்லை.

பிலிமின் மேற்பூச்சில் வெள்ளி உப்பின் நுண்ணிய மணிகள் உள்ளன. ஒளிபட்ட மணியில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ‘டெவலப்பர்’ என்னும் கரைசலில் பிலிமை இட்டால், ஒளிபட்ட மணிகள் கரிய வெள்ளியாக மாறி உருவம் தோன்றுகிறது. பின்னர் ஹைப்போ கரைசல் ஒளிபடாத மணிகளைக் கரைத்து நீக்கிவிடுகிறது. ஆகவே டெவலப்பர் வலுவிழந்திருந்தால் எல்லா மணிகளும் கரைந்துபோகும். எஞ்சுவது கண்ணாடி போன்ற வெறுந்தகடு. இந்த வேலையை இருமுறை செய்ய இயலாது. தவறினால் தவறியதுதான்.

நான் பழகிய டெவலப்பர், கோடக் நிறுவனம் 1927-இல் வெளியிட்ட டி-76 என்னும் முறைப்படி அமைந்தது. ஒரு லிட்டர் நீரில் மெட்டோல் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். அக்கரைசல் காற்றுப்பட்டுக் கெடும்போது மெல்லமெல்லப் பழுப்பேறும். தேநீர் நிறம் கண்டால் கொட்டிவிடுவேன். தெளிவாக இருந்தால் பயன்படுத்துவேன். நாற்பது ஆண்டுகள் அந்த நிறமே எனக்கு வழிகாட்டியாக இருந்தது.

காலம் மாறிற்று. ஹைட்ரோகுவினோன் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கானது. அதனை விடுத்து, வைட்டமின் சி-யின் இனத்தைச் சேர்ந்த பொருளைக் கொண்டு டெவலப்பர் செய்யும் முறை பரவிற்று. 1996-இல் கோடக் வெளியிட்ட ‘எக்ஸ்டால்’ இவ்வகையில் பெயர் பெற்றது. நான் 2021-ஆம் ஆண்டு பங்குனியில் வாங்கியது அவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு பொட்டலம். ‘திருத்திய கலவை’ என்று அதன்மேல் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு குறிப்புத்தாளும் இருந்தது. ‘நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவனுக்குக் குறிப்புத்தாள் எதற்கு?’ என்று அதை மடித்து வைத்துவிட்டேன். முதற்சுருள் அழகாக வந்தது. மிச்சக் கரைசலைப் பாதி நிறைந்த பாட்டிலில் மூடி வைத்தேன்.

என் தாயாரின் தமக்கை, எங்கள் பெரியம்மா, ஏல மலையில் நாற்பது ஆண்டுகள் காய் எடுத்தவர். இளமையில் கால்நடையாகவும், பின்னாளில் ஜீப்பிலுமாக மலையேறிப் பிள்ளைகளை வளர்த்தவர். ரேஷன் அட்டை போன்றவற்றிற்கு எடுத்ததைத் தவிர அவருக்குப் படமே கிடையாது. அவ்வாண்டு ஆவணியில் திண்ணையில் அவரை அமர்த்தி ஒரு சுருள் முழுவதும், 36 படங்கள் எடுத்தேன். தோட்டத்திலிருந்து வந்த பச்சைக்காய்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேசிக்கொண்டே இருந்தார். “தோலைப் பாத்து எடுக்கப்படாதுப்பா. தோலு பச்சையாத்தான் இருக்கும். ஒண்ணை உரிச்சு, உள்ள அரிசி கறுத்திருக்கான்னு பாக்கணும்” என்றார். அந்த விரல்கள் காயை உரிப்பதையும் படம் எடுத்தேன். சொல் மட்டும் என் காதில் ஏறவில்லை.

அன்றிரவே இருட்டறையில் புகுந்தேன். பானை நீரில் பாட்டிலை வைத்துக் குளிர்வித்தேன். கரைசல் பளிங்கு போலத் தெளிவாக இருந்தது, நம்பினேன். வேலை முடிந்து சுருளை விரித்தால், முனை முதல் முனை வரை ஒன்றுமில்லை.

கேமராவின் பிழையோ என்று முதலில் ஐயுற்றேன். பிலிமின் ஓரத்தைப் பார்த்ததும் ஐயம் தீர்ந்தது. ஓரத்திலுள்ள எண்களை ஆலையிலேயே ஒளியால் பதித்து அனுப்புகிறார்கள். எண்கள் தோன்றிப் படம் மட்டும் தோன்றவில்லையானால், ஒளி பிலிமை எட்டவில்லை என்று பொருள். என் பிலிமில் எண்களும் இல்லை. குற்றம் கரைசலில்தான். பிலிமின் துண்டொன்றை வெளிச்சத்தில் காட்டி அக்கரைசலில் இட்டேன். பத்து நிமிடமாகியும் அது கறுக்கவில்லை.

குறிப்புத்தாளை அப்போதுதான் பிரித்தேன். பாட்டில் பாதி காலியாயிருந்தால் கரைசல் விரைவில் கெடும் என்று அதில் எழுதியிருந்தது. வைட்டமின் சி பிராணவாயுவோடு கூடி மாறும்போது பழுப்பு நிறம் காட்டி எச்சரிப்பதில்லை. இது நான் அறியாத இரசாயனமா? வகுப்பில் எத்தனையோ முறை சொன்னதுதான். மருந்தின் மீது பிழையில்லை; பிழை என்னுடையது.

புதிய பொட்டலத்திற்கு எழுதிவிட்டு, ‘இன்னொரு நாள் எடுப்போம், பெரியம்மா’ என்றேன். கைப்பேசியிலேனும் ஒன்று எடுத்திருக்கலாம், எடுத்தேனில்லை. பொட்டலம் வருமுன் அவர் படுக்கையில் விழுந்தார். கார்த்திகையில் காலமானார்.

இருட்டறைப் பழக்கம் உள்ள மாணவர்களுக்குச் சில சொல்வேன். புதிய கலவை வாங்கினால் பழைய நேரக் கணக்கை அதன்மேல் ஏற்றாதீர்கள். அதற்குரிய நேரத்தைக் குறிப்புத்தாளில் பாருங்கள். அந்நேரம் பெரும்பாலும் 20 பாகை வெப்பத்திற்குக் குறித்தது. நம் பக்கத்தில் சித்திரை மாதத் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும். ஆகையால் வெப்பமானியின்றித் தொடங்காதீர்கள். கரைசலைச் சிறுசிறு பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, கலந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். இரும்பும் செம்பும் சிறிதளவு கலந்தாலும் வைட்டமின் சி விரைந்து கெடும். எனவே கிணற்று நீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரே நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு முறையும் சுருளின் தலைப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டை வெளிச்சத்திலேயே கரைசலில் இட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் அது நன்கு கறுத்தால் சுருளை இடலாம். மங்கலாக நின்றால் கரைசலைக் கொட்டிவிடலாம். ஒரு விரற்கடைப் பிலிம்தான் செலவு.

அனுபவம் பெரிது. ஆனால் எந்தப் பொருளோடு பழகினோமோ, அந்தப் பொருளைப் பற்றியதே நம் அனுபவம். பொருள் மாறிய பின்னும் பழைய அடையாளத்தையே நம்பியிருப்பது அறிவாகாது. எழுத்தறியாத பெரியம்மா ஒவ்வொரு கொத்திலும் ஒரு காயை உரித்துப் பார்த்தார்; பட்டம் பெற்ற நான் தோலைப் பார்த்து நம்பினேன்.

அந்த வெறுஞ்சுருள் இன்றும் என் மேசையில் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு முறையும் துண்டை நனைத்துப் பார்த்த பிறகே விளக்கை அணைக்கிறேன்.