பெருவிரல் ரேகை



இந்த விழா அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘கோலார் தங்கவயலின் முன்னோடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “முன்னோடியா? யாருக்குடா முன்னாடி ஓடினோம்? மேஸ்திரி பின்னாடி இல்ல ஓடினோம்!” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தச் சொல்லை நான் திருப்பித் தரப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நியூசிலாந்தில் நின்று தங்கவயலைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. எங்கள் ஊரில் நவீனச் சுரங்கம் தோண்டத் தொடங்கியவர் இங்கிருந்து வந்தவர். மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல் என்ற ஐரிஷ்காரர், இந்த மண்ணில் நடந்த மாவோரிப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர். 1871இல் பெங்களூர் கண்டோன்மெண்டில் வந்து குடியேறினார். 1861இல் ஒட்டாகோவில் கிளம்பிய தங்க வெறியை உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். அந்தக் காலத்து ஆள் அவர். ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802இல் உரிகம், மாரிகுப்பம் பக்கம் தங்கம் இருப்பதைப் பார்த்து எழுதிவைத்த குறிப்பு லவெல் கண்ணில் பட்டது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார். 1875இல் மைசூர் அரசின் உரிமம் கிடைத்தது. தோண்டத் தோண்டக் கைக்காசு கரைந்ததுதான் மிச்சம். உரிமம் கைமாறி, 1880இல் லண்டன் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி வந்த பிறகுதான் தங்கம் தங்கமாக வந்தது.

லவெல் பேரில் பெங்களூரில் இன்றைக்கும் ஒரு ரோடு இருக்கிறது. எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்களுக்கு கிஃபோர்டு, எட்கர் என்று துரைமார் பேர். பேட்டைகளுக்கு ராபர்ட்சன், ஆண்டர்சன். என் கொள்ளுத்தாத்தா பேரில் ஒரு முட்டுச்சந்துகூடக் கிடையாது.

அவர் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பண்ணையாள். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைக்க வேண்டும், மகன் கடனுக்குப் பேரன். பஞ்சம் பிழைக்க சுரங்கத்துக்குப் போனார்கள் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னதில்லை. “கூலியைக் கையில எண்ணிக் குடுக்கிறானாம்” என்று யாரோ வந்து சொன்னார்களாம். அது போதுமாக இருந்தது. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு 1894இலேயே ரயில் போட்டுவிட்டார்கள். ஆனால் அவர் ஊரிலிருந்து நடந்தே போனார். ரயிலடியில் நின்றால் பண்ணையார் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஆதிதிராவிடர்களே அதிகம்.

மூங்கில் தட்டி அடைத்த ஓர் அறைதான் வீடு. வரிசையாக அடுக்கியிருந்ததால் அதற்கு லைன் என்று பேர். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியாக, பெங்களூர் நகரத்துக்கும் முன்னால் எங்கள் ஊருக்கு வந்தது. இதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஒரு சின்னத் திருத்தம்: அது ஊருக்கு வரவில்லை, சுரங்கத்துக்கு வந்தது. என் தாத்தா எழுத்துக்கூட்டிப் படித்தது மண்ணெண்ணெய் விளக்கில்.

இந்த இடத்தில், தங்கம் தோண்டியவன் வீட்டில் குன்றிமணித் தங்கம் இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். சொல்ல மாட்டேன். மேடைக்கு மேடை சொல்லித் தேய்ந்த வசனம் அது. எங்கள் லைன்களில் வேறு ஒன்று இருந்தது, அதைப் பற்றித்தான் பேச ஆசை.

அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் ஒரு கிளை இருந்தது. சென்னை இராயப்பேட்டையில் 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை, ஷிப்டு முடிந்து ஏறி வந்தவர்கள் நடுவில் வாசிக்கப்பட்டது. ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். 1914இல் பண்டிதர் காலமானார். அந்தப் பத்திரிகையை 1926இல் மறுபடி எடுத்து நடத்தியவர் ஜி. அப்பாதுரையார், அதுவும் எங்கள் தங்கவயலிலிருந்து! பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டுக் காப்பாற்றியதும் எங்கள் ஊர்ச் சித்தார்த்தா புத்தகசாலைதான். இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசரை ஆராய்கிறார்கள், சந்தோஷம். அந்தக் காகிதத்தைக் கரையான் தின்னாமல் வைத்திருந்தவர்களில் சுரங்கத்தில் தள்ளுவண்டி தள்ளியவர்களும் உண்டு என்று யாராவது ஓர் அடிக்குறிப்பாவது போடலாம். தாத்தா தமிழ் கற்றது அந்த வட்டத்தில்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். லைனில் யாருக்குக் கடிதம் வந்தாலும் போனாலும் அவர் திண்ணை வழியாகத்தான்.

அதனால்தான் 1930இல் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொழிலாளி ஒவ்வொருவரும் ரேகை பதித்துப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. தங்கவயலே வேலையை நிறுத்தியது. ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் சோதிப்பதை அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள், இதைப் பொறுக்கவில்லை. கொள்ளுத்தாத்தா சொன்னதாக வீட்டில் வழங்கும் பேச்சு: “ரேகையைத் திருடன்கிட்டதான் எடுப்பான். என் பையன் கையெழுத்துப் போடுவான். அவன் கட்டைவிரலை மையில முக்கச் சொல்றியா?”

தாத்தாவுக்கு அப்போது 18 வயது. கீழே இறங்கத் தொடங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

கீழே என்றால் எவ்வளவு கீழே? சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அங்கே பாறையே கொதிக்கும். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சிதறும். அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். பாட்டி சொல்வாள்: முதலில் அலமாரியில் பித்தளைச் சொம்பு நடுங்கும். அப்புறம் தரை ஒரு தடவை உதைக்கும். அடுப்பில் உலை கொதித்தபடி கிடக்க, லைனில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும், கதவு திறக்கும், முகங்களை எண்ணுவார்கள். தன் ஆள் வந்துவிட்டாலும் எவளும் உடனே வீட்டுக்குத் திரும்ப மாட்டாளாம். பக்கத்தில் நிற்கிறவளின் ஆள் இன்னும் வரவில்லையே! 

தாத்தாவைப் பாறை விட்டுவிட்டது, தூசி விடவில்லை. சிலிக்கோசிஸ். ராத்திரி இருமல் சத்தத்தை வைத்தே எந்த வீட்டுக்காரர் என்று சொல்லிவிடலாம் என்பார் நைனா.

நைனா பிறந்தது 1946இல். அந்த நவம்பரில்தான் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டது. பாட்டி கைக்குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, கதவுக்கு அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தாளாம். 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன, 1962இல் மத்திய அரசுக்குப் போயின, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயின. பலகையில் பேர் மாறியது, கேஜ் அதேதான்.

நடுவே ஒரு விநோதம். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். உலகத்திலேயே முதலில் அதைக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. மேலே எத்தனையோ துகள் கொட்டுகிறது, அதையெல்லாம் வடிகட்ட அத்தனை ஆழமான பாறை வேண்டும். லைனில் இதற்கு வேறு விளக்கம்: “கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு நம்ம தலை வழியாப் போவுதாம், அதைப் பிடிக்க வந்திருக்காங்க.” தாத்தா கேட்டாராம்: “பிடிச்சா அதுக்கும் ரேகை எடுப்பாங்களா?”

2001 பிப்ரவரி 28. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கங்களை மூடினார்கள். அன்றைக்கு நைனா வீட்டுக்கு வந்து, தலையில் போடும் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார். வழக்கமாக மாட்டுகிற அதே ஆணி. மறுவாரமே பக்கத்து லைன் பையன்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். இன்றும் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போய் வருகிறார்கள். நானும் அந்த ரயிலில் நின்றபடியே படித்து முடித்தவன்தான்.

எங்கள் ஊரைக் கதைக்களமாகக் காட்டும் சினிமாக்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வெளியானபோது எங்கள் தெருவில் கிழவர்கள் குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தியேட்டருக்குப் போனார்கள். திரும்பி வந்து விடிய விடிய விவாதம், எது சரி எது தப்பு என்று. ஒவ்வொருவரிடமும் ஒரு கொள்ளுத்தாத்தா இருந்தார்.

அதற்காகத்தான் இந்த ‘முன்னோடி’யை வைத்துக்கொள்கிறேன். யார் முதலில் உரிமம் வாங்கினார் என்பது மைசூர் அரசின் காகிதத்தில் இருக்கிறது. யார் முதலில் கையெழுத்துப் போட்டார் என்பது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது: தாத்தா எழுதிய ஒரு கடிதத்தின் கீழே, மை மங்கி.

புறப்படுவதற்கு முன்னால் நைனாவை கிஃபோர்டு ஷாஃப்ட் வரைக்கும் கூப்பிட்டேன், ஒரு போட்டோ எடுத்து உங்களுக்குக் காட்டலாம் என்று. வர மறுத்துவிட்டார். பம்பு நின்ற பிறகு சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அவரும் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் நடந்த இடமெல்லாம் இப்போது மூழ்கிக் கிடக்கிறது. தெருக்கோடியில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு நைனா கிளம்பினார்.

“கீழ அவ்ளோ தண்ணி கிடக்குது பாரு” என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.