இரண்டு நாள் பரீட்சை

(மேட்டுப்பாளையம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பற்றியதாகும். கண்ணுக்குத் தெரியாதது என்றதும் பேய் பிசாசு என்று எண்ணிவிடாதீர்கள். இது மனிதன் செய்தது. அளந்து பார்க்கக் கூடியது. நானோ துகள் என்று பெயர். ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். ஒன்று முதல் நூறு நானோ மீட்டர் வரையுள்ள துகளே இது. துணி நாறாமலிருக்க வெள்ளித் துகளையும், வெயிலுக்குப் பூசும் களிம்பில் டைட்டானியம் டை ஆக்சைடு துகளையும் சேர்க்கிறார்கள்.

துணியில் சேர்த்தது துணியிலேயே இருந்துவிடுமா? அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெள்ளி சேர்த்த காலுறைகளை அலசிப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். அரை லிட்டர் தண்ணீரில் 650 மைக்ரோகிராம் வரை வெள்ளி இறங்கியிருந்தது. கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்ற வெள்ளி, சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போன பின் கிருமி எது, மற்ற ஜீவன் எது என்று பார்த்தா கொல்லும்?

குளங்களில் நீர்த்தெள்ளு என்று கடுகளவே உள்ள ஒரு பிராணி உண்டு. அது தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்னுகிறது. மீன்குஞ்சு அதைத் தின்னுகிறது. அது ஒழிந்தால் பாசி பெருகும், மீன் குறையும். ஆகவேதான் ஒரு பொருள் தண்ணீருக்குக் கெடுதலா என்று பார்க்க இதனையே வைத்துப் பரீட்சை செய்கிறார்கள். வழக்கமான பரீட்சைக்கு 48 மணி நேரம்.

ஜெர்மனியில் 2011-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். டைட்டானியம் துகள் கலந்த நீரில் இரண்டு நாள் வரை தெள்ளுகளுக்குப் பெரிய கேடு தெரியவில்லை. பரீட்சையை அத்தோடு நிறுத்தியிருந்தால் "பயமில்லை" என்று எழுதியிருப்பார்கள். அவர்களோ 96 மணி நேரம் பார்த்தார்கள்; தெள்ளுகள் செத்தன. காரணம் என்ன? தெள்ளு சட்டை உரித்துத்தான் வளர வேண்டும். துகள் மேலே அப்பிக்கொண்டது. முதல் சட்டையை உரித்த பிராணி, இரண்டாவதை உரிக்க முடியாமல் மாண்டது.

நம் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏரித் தண்ணீரில் இதே துகள் இருட்டைவிட வெளிச்சத்தில் அதிகக் கேடு செய்ததைக் கண்டார்கள். ஆறு இருட்டறையிலா ஓடுகிறது?

இதை மேட்டுப்பாளையத்தில் பேசுவானேன் என்பீர்கள். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக் கழிவு 1990-களில் பவானியைக் கெடுத்ததை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். அந்தக் கழிவைக் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுத்தன. நானோ துகளையோ கண்ணும் காணாது, மூக்கும் அறியாது. ஆடி மாதத்தில் ஆற்றைத் தாய் என்று கும்பிடுகிறோம். ஊர்ச் சாக்கடையையும் அதிலேயே விடுகிறோம். கும்பிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

நானோ என்றாலே விஷம் என்று நாம் சொல்லவில்லை. அப்படி நம்புவதும் ஒரு மூடநம்பிக்கையே. "ஆபத்தில்லை" என்று வியாபாரி சொன்னால், எத்தனை நாள் பார்த்தாய், எந்தத் தண்ணீரில் பார்த்தாய், வெளிச்சத்திலா இருட்டிலா என்று கேளுங்கள். எந்தப் பொருளில் எந்தத் துகள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மேலே எழுதச் சொல்லுங்கள். பவானித் தண்ணீரை எடுத்துச் சோதித்து முடிவைப் பகிரங்கமாக வெளியிடும்படி முனிசிபாலிடியையும் சர்க்காரையும் வற்புறுத்துங்கள்.

சாமி சொன்னாலும் சாஸ்திரம் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறவர்கள் நாம். சாமான் மேல் ஒட்டிய சீட்டுக்கு மாத்திரம் ஏன் தலைவணங்க வேண்டும்?