மேகம் மூடினால் யார் முதலில்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் தந்திருக்கிறார்கள். அதனால் ஒரே விஷயம். விமான நிலையத்தில் நெரிசல் என்றால் எந்த விமானம் முதலில் இறங்குவது? அதை யார் முடிவு செய்வது?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விமானங்கள் வழக்கமாக இறங்கும் இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே 750 அடிதான். வானம் தெளிவாக இருந்தால் இரண்டிரண்டாக இறங்கும் வழக்கம் இருந்தது; மணிக்கு ஏறக்குறைய 60. கடல் பக்கமிருந்து தாழ்ந்த மேகம் வந்து மூடிவிட்டால் ஒன்றன் பின் ஒன்றாகத்தான், பாதியாகிவிடும். மிச்சத்தை வானத்தில் சுற்றவிட்டால் எரிபொருள் வீண். ஆகவே புறப்படும் ஊரிலேயே நிறுத்திவைத்து, ஒவ்வொன்றுக்கும் இறங்கும் நேரம் ஒதுக்குவார்கள். இதைத்தான் ஸ்லாட் என்கிறோம்.

முன்பு இந்த ஒதுக்கீட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. ஏர்லைன்ஸ் கடைசியாகச் சொன்ன நேரத்தை வைத்துத்தான் கணக்கு. "எங்கள் விமானம் ஒரு மணி நேரம் லேட்" என்று உண்மையைச் சொன்னால், அந்த லேட்டுக்கு மேல் இன்னொரு லேட்! ரத்து என்று சொன்னால் ஸ்லாட்டே போச்சு. அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? வராத விமானத்துக்கு ஒதுக்கிய நேரம் வீணாய்ப் போனது.

1998 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலும் நியூவார்க்கிலும் புது முறையைச் சோதித்தார்கள். முதலில் அறிவித்த கால அட்டவணைப்படிதான் ஸ்லாட். தாமதத்தைச் சொன்னாலும் உரிமை போகாது. ரேஷன் கடை வரிசையில் பையை வைத்து இடம் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. ரத்து செய்தால் பின்னால் நிற்பவர்கள் முன்னேறுவார்கள். ரத்து செய்தவருக்கோ, அவர் பயன்படுத்தக்கூடிய வேறொரு ஸ்லாட் கிடைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. தன் ஸ்லாட்டுகளுக்குள் எந்த விமானத்தை முன்னே விடுவது என்று ஏர்லைன்ஸே மாற்றிக்கொள்ளலாம். மணிக்கு எத்தனை என்பதுதான் கன்ட்ரோலரின் கவலை. எதில் 40 பேர் அடுத்த விமானம் பிடிக்க வேண்டும், எந்த பைலட்டின் டியூட்டி நேரம் முடியப்போகிறது என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதும் இல்லை.

பிற்பாடு, நடுவழியில் வரும் நெரிசலுக்கும் இந்த யோசனை வந்தது. ஒரு விமானத்துக்குப் பல பாதைகளை எழுதி, "30 நிமிஷம் வரை தரையில் காத்திருக்கிறோம், அதற்கு மேல் என்றால் சுற்றுவழியிலேயே போகிறோம்" என்று நிமிஷக் கணக்கில் முன்கூட்டியே விருப்பம் சொல்லலாம்.

எல்லாம் சரி. இருபது ஸ்லாட் வைத்திருப்பவனுக்கு மாற்றிக்கொள்ள இடமுண்டு. அன்றைக்கு ஒரே ஒரு விமானம் விடும் சின்னக் கம்பெனி எதை எதோடு மாற்றும்? கம்பெனிகள் தங்களுக்குள் விலை பேசட்டும் என்றால், பணம் படைத்தவனே நல்ல நேரத்தையெல்லாம் வாரிக்கொள்வானோ என்று பயம். பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகள் இதை எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், பேசுவோம்.