ஆறு பச்சையாகும் நாள்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு அனுபவத்தைப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார் செயலாளர். சம்பளம், விசா சமாச்சாரமெல்லாம் சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கலாம். நான் ஒரு திருவிழாவைப் பற்றிப் பேசுகிறேன். மார்ச் 17, அயர்லாந்து மக்களின் புனித பேட்ரிக் தினம்.

பேட்ரிக் பிறப்பால் ஐரிஷ்காரர் அல்ல. ரோமானியர் ஆண்ட பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் கடற்கொள்ளையர்கள் பிடித்துப்போய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு வருஷம் ஆடு மேய்த்து, தப்பி ஊர் சேர்ந்தார். பிறகு அதே மண்ணுக்குப் பாதிரியாராகத் திரும்பி வந்தார். இது ஐந்தாம் நூற்றாண்டுக் கதை.

நான் சிகாகோவில் குடிநீர்க் குழாய் வேலையில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே இந்த விழாவுக்கு ஆற்றையே பச்சையாக்கி விடுகிறார்கள். சிவில் மாணவர்கள் கவனியுங்கள்! கழிவுநீர் எந்தக் குழாய் வழியாக ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க, பிளம்பர்கள் ஒரு சாயத்தை ஊற்றிப் பார்ப்பார்கள். தண்ணீரில் அது பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பிளம்பர் சங்கத்தை நடத்திவந்த ஸ்டீபன் பெய்லிக்கு யோசனை பிறந்தது. 1962இல் 100 பவுண்டு சாயத்தைக் கொட்டினார்கள். ஆறு ஒரு வாரம் பச்சையாகவே கிடந்ததாம்! பிறகு அளவைக் குறைத்து, தாவரச் சாயத்துக்கு மாறினார்கள்.

இந்த ஆரவாரத்தில் பெரும்பகுதி ஊரை விட்டுப் போனவர்கள் உண்டாக்கியது. நியூயார்க்கில் 1762லேயே, பிரிட்டிஷ் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் ஊர்வலம் போனார்கள். டப்ளினில் அரசு ஊர்வலம் வந்தது 1931இல்தான். சொந்த ஊரில் அது சர்ச்சுக்குப் போகும் நாள். பல வருஷங்கள் அன்றைக்கு மதுக்கடைகளையே அடைத்து வைத்திருந்தார்கள் என்றால் பாருங்களேன்.

ஏன் இத்தனை பேர் ஊரை விட்டார்கள்? 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்ச காலத்திலும் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை, இன்றும் சுமார் 70 லட்சம்தான்.

போனவர்களோடு இன்னொன்றும் போயிற்று. அதுதான் மொழி. பஞ்சம் கடுமையாகத் தாக்கியது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியை. அதற்கு முன்பே பள்ளிகளில் பிள்ளைகள் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. ஐரிஷ் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி. பெற்றோரும் சம்மதித்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தால்தானே பிழைப்பு! பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசியதற்கு அபராதம் கட்டியவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம்.

இந்த இடத்தில் கால்டுவெல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1814இல் அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் பிறந்த தீவின் மொழி தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1856இல், நம் மொழிக் குடும்பத்துக்கு ஒப்பிலக்கணம் எழுதி வெளியிட்டார்.

இன்றைய நிலை என்ன? 1937 அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் அதிகமானோர் "எனக்கு ஐரிஷ் தெரியும்" என்று எழுதினார்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரம் பேர்கூட இல்லை. விழாவை உலகமே கொண்டாடுகிறது. மொழி ஒரு சிறிய ஊரளவுக்குச் சுருங்கிவிட்டது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1893இல் மொழிக்காக ஒரு சங்கம் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்கள். மார்ச் 1 முதல் 17 வரை, விழாவை ஒட்டியே, "இருக்கிற ஐரிஷைப் பேசுங்கள்" என்று இயக்கம் நடத்துகிறார்கள். விட்டதைப் பிடிக்க எவ்வளவு பாடு!

என்னோடு வேலை பார்த்த ஃபோர்மேன் ஐரிஷ் வம்சம். பச்சைத் தொப்பி, பச்சை டை, கொள்ளுத்தாத்தாவின் கிராமத்துப் பெயர் எல்லாம் அவரிடம் உண்டு. ஒருநாள் என் அம்மாவோடு நான் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை புரியாது. "எங்கள் வீட்டில் இது எந்தத் தலைமுறையோடு நின்றது என்றுகூடச் சொல்ல ஆளில்லை" என்றார்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளைக்கு விமானம் ஏறுவீர்கள். தாராளமாகப் போங்கள். போன இடத்தில் பொங்கல் வைப்பீர்கள், வேட்டி சேலை கட்டுவீர்கள், படம் எடுத்து அனுப்புவீர்கள். அது தானாக நடந்துவிடும், வருஷத்துக்கு ஒருநாள்தானே. மிச்சமுள்ள 364 நாளும் வீட்டில் பிள்ளையோடு தமிழில் பேசுங்கள். அதற்கு ஊர்வலம் வேண்டாம், பச்சைச் சாயமும் வேண்டாம். பிள்ளை இங்கிலீஷில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள்.